காட்பாடி நண்பருக்கு: பிரேக் சத்தம் பற்றி

ஏலகிரி போய் வந்ததிலிருந்து முன்சக்கரம் கீச்சிடுகிறது, பட்டறையில் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் பேட் (சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்ற தட்டை அழுத்திப் பிடிக்கும் கட்டை) மாற்றச் சொல்கிறார்கள் என்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். உங்களுடையதைப் போன்ற சிறிய கார்கள் பலவற்றில் பின்னால் டிரம் பிரேக்தான். அதில் பேடே கிடையாது, டிரம்மின் உட்புறத்தில் உராயும் வளைந்த ஷூதான் இருக்கும்!

காலைப் பனிக்குப் பிறகு நாலைந்து மிதியில் சத்தம் அடங்கினால், அது டிஸ்க்கில் படிந்த லேசான துரு. விட்டுவிடுங்கள். நாள் முழுக்கக் கத்தினால் சக்கரத்தைக் கழற்றத்தான் வேண்டும்.

சமதரையில் நிறுத்தி, நட்டுகளைத் தளர்த்திய பிறகு ஜாக்கி போடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் வையுங்கள். பேடின் உராயும் பகுதி 3 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் முன்பக்கம் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து மாற்றுங்கள். தடிமன் இருந்தும் அதன் முகம் கண்ணாடி போல் மின்னினால், ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கை விடாமல் மிதித்தே இறங்கி, பேடைச் சூடேற்றியிருக்கிறீர்கள். நானும் ஒருமுறை அப்படி இறங்கியவன்தான். முகமூடி அணிந்து, உப்புத்தாளால் மினுமினுப்புப் போகும்வரை லேசாகத் தேயுங்கள். தூசியை வாயால் ஊதாதீர்கள்.

காலிப்பர் (பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் கவ்வி) நகரும் பின்கள் வறண்டிருந்தால் பிரேக்குக்கான கிரீஸ் தடவுங்கள். பேடின் முகத்திலோ டிஸ்க்கிலோ ஒரு பொட்டுகூடப் படக்கூடாது. காலிப்பரை ரப்பர் குழாயில் தொங்கவிடாதீர்கள். மாட்டி முடித்ததும், பெடல் இறுகும்வரை மிதித்துப் பார்த்த பிறகே வண்டியை நகர்த்துங்கள்.

கரகரவென்று இரும்பு உரசும் சத்தம் கேட்டால் ஓட்டவே வேண்டாம். மெக்கானிக்கை வீட்டுக்கு அழையுங்கள்.