எஞ்சின் ஆயிலில் தண்ணீர்: ஹெட்டைக் கழற்றும் முன் ஒரு கரண்டிச் சோதனை

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டத்தில் சொந்த வள்ளத்தில் நானும் என் தம்பியும் தொழில் செய்கிறோம். பழைய எஞ்சின்களைச் சரிசெய்து விற்கும் ஒரு பட்டறையில், நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சினை 1,90,000 ரூபாய்க்கு ரசீதுடன் வாங்கினோம். உள்சுற்றில் நல்ல தண்ணீரும் வெளிச்சுற்றில் கடல்நீரும் ஓடிக் குளிர்விக்கும் வகை அது. மூன்றாவது வாரம் ஆயில் குச்சியை உருவிப் பார்த்தபோது, ஆயில் பால் கலந்த தேநீர் போல இருந்தது; அளவும் மேல்கோட்டைத் தாண்டியிருந்தது. “ஹெட் கேஸ்கட் போய்விட்டது, 45,000 ரூபாய் ஆகும், படகின் அடியில் தண்ணீரைத் தேங்கவிட்டது உங்கள் தவறு” என்கிறார் பட்டறைக்காரர். பணத்தைக் கொடுத்துச் சரிசெய்வதா, வழக்குப் போடுவதா?

பதில்: அவர் கூறிய காரணங்கள் இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பதை முதலில் கவனியுங்கள். ஹெட் கேஸ்கட் (எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டுக்கும் சிலிண்டர் பகுதிக்கும் இடையே இருக்கும் அடைப்புத் தகடு) விட்டுப்போனால் ஆயிலில் இறங்குவது உள்சுற்றில் ஓடும் நல்ல தண்ணீர். படகின் அடியில் தேங்கும் தண்ணீரோ கடல்நீர். அது கேஸ்கட்டைத் தொடுவதில்லை, ஆயில் குச்சிக் குழாய் வழியாகவோ கிராங்க் சீல் (எஞ்சினின் சுழல்தண்டு வெளிவரும் இடத்தில் உள்ள ரப்பர் அடைப்பு) வழியாகவோதான் உள்ளே வரும். ஆகவே ஆயிலில் இருப்பது உப்புத் தண்ணீரா, நல்ல தண்ணீரா என்று தெரிந்துகொள்ளாமல் ஹெட்டைக் கழற்ற ஒப்புக்கொள்ள வேண்டாம்.

அதற்கு ஆய்வகம் தேவையில்லை. எஞ்சினை ஓர் இரவு ஓட்டாமல் விட்டால், ஆயிலோடு கலக்காமல் மிஞ்சிய தண்ணீர் சம்பின் (எஞ்சினுக்கு அடியில் ஆயில் தங்கும் தொட்டி) அடியில் தங்கும். காலையில் வடிகால் போல்ட்டை மெதுவாகத் தளர்த்தினால் முதலில் வருவது அந்தத் தண்ணீர்தான். அதைத் தெளிந்த கண்ணாடிப் பாட்டிலில் பிடியுங்கள். மேலே மிதக்கும் ஆயிலை ஒதுக்கி, அடித்தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி அளவை எவர்சில்வர் கரண்டியில் ஊற்றி, திறந்த வெளியில் சிறு தீயில் வற்றவிடுங்கள். கடல்நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பைக் கொண்டது என்பதால், ஒரு கரண்டி வற்றினாலே அரை கிராம் அளவுக்கு வெள்ளைப் படிவு கண்ணுக்குத் தெரியும். கூலன்ட் தொட்டித் தண்ணீரையும் (உள்சுற்றில் ஓடும் நல்ல தண்ணீர்) இதேபோல வற்றவைத்து ஒப்பிடுவது அவசியம். ஏனெனில் உள்சுற்றுத் தண்ணீரைக் கடல்நீரால் குளிர்விக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் குழாயில் ஓட்டை விழுந்திருந்தால் கடல்நீர் கூலன்ட்டிலேயே கலந்து, கேஸ்கட் வழியாக வந்த தண்ணீரும் உப்பாகவே இருக்கும்.

படிவு இல்லை, கூலன்ட் தொட்டியும் நாளுக்கு நாள் குறைகிறது என்றால், ஹெட் கேஸ்கட், ஹெட்டில் விரிசல், லைனரின் (சிலிண்டரின் உள்குழாய்) அடி ரப்பர் வளையம் ஆகியவற்றில் ஒன்று. அப்போதும் ஹெட்டை உடனே தூக்க வேண்டியதில்லை. சம்ப் போல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு, கூலன்ட் மூடியில் குறித்துள்ள அழுத்தத்திற்குக் கைப்பம்பினால் காற்றடித்து அரை மணி நேரம் பார்த்தால், சொட்டு விழுவது தெரிந்துவிடும்.

படிவு உப்பாக இருந்து, கூலன்ட் குறையவும் இல்லை, உப்பாகவும் இல்லை என்றால், கடல்நீர் பம்பைப் பாருங்கள். எஞ்சினின் டைமிங் கியர் உறையோடு ஒட்டிப் பொருத்திய பம்பாக இருந்தால், அதன் கழுத்தில் ஒரு சிறு துளை இருக்கும். உள்ளே சீல் கசிந்தால் தண்ணீர் வெளியே சொட்டி எச்சரிக்க வேண்டும் என்பதற்காகவே அது வைக்கப்பட்டுள்ளது. அந்தத் துளை பெயின்ட்டாலோ துருவாலோ அடைபட்டிருந்தால், தண்ணீர் வெளியேற வழியின்றி ஆயில் சீலைத் தாண்டி நேராகச் சம்புக்குப் போகும். பழைய எஞ்சினுக்குப் புதுப் பெயின்ட் அடித்து விற்கும் பட்டறைகளில் இது நடக்கக்கூடியதுதான். பெல்ட்டில் ஓடும் தனிப் பம்பு என்றால் இந்த வழி இல்லை; கடல்நீரால் ஆயிலைக் குளிர்விக்கும் ஆயில் கூலரைச் சந்தேகியுங்கள்.

படகின் அடித்தண்ணீர்தான் காரணம் என்றால் எஞ்சினின் வெளிப்புறமே சாட்சி சொல்லும்: கிராங்க் சீல் உயரத்துக்கு அழுக்கும் டீசலும் கலந்த கறைக்கோடு, ஃப்ளைவீல் உறைக்குள் புதுத் துரு. இவை இல்லையென்றால் அவருடைய குற்றச்சாட்டு நிற்காது.

இந்தச் சோதனைகள் முடியும்வரை எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது செல்ஃப் அடித்தால், தண்ணீர் அமுங்காது என்பதால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இன்ஜெக்டர்களைக் கழற்றிவிட்டுக் கையால் சுற்றிப் பார்ப்பதே முறை. அதே சமயம் உப்புத் தண்ணீரை நாள்கணக்கில் உள்ளே வைத்திருக்கவும் கூடாது, பேரிங் அரித்துவிடும். ஆகவே பட்டறைக்காரருக்கு அன்றே எழுத்தில் தகவல் கொடுத்து நேரில் வரச் சொல்லுங்கள். வராவிட்டால், அவரோடு தொடர்பில்லாத ஒரு மெக்கானிக்கையும் இரண்டு சாட்சிகளையும் வைத்து, வீடியோ எடுத்தபடி வடித்து, மாதிரியைக் குறைந்தது இரண்டு பாட்டில்களில் முத்திரையிட்டு வையுங்கள். கழற்றிய சீலைக்கூட எறிய வேண்டாம்.

வழக்கைப் பொறுத்தவரை, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கில் வாங்கியவரை நுகர்வோராகக் கருதுவதில்லை. ஆனால் சுயதொழிலாகப் பிழைப்பதற்கு மட்டுமே வாங்கியவருக்கு விலக்கு அளிக்கிறது. நீங்களே கடலுக்குப் போகிறீர்கள் என்பதை மனுவில் தெளிவாக எழுதுங்கள். விற்றவர் வியாபாரி என்பதும் ரசீது இருப்பதும் உங்களுக்குச் சாதகம். சக மீனவரிடம் வாங்கியிருந்தால் இந்த வழி கடினம். உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே, காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனு செய்யலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்பதால் கட்டணம் கிடையாது. அதற்கு முன் ஸ்பீட் போஸ்டில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதியலாம். பம்பு சீல்தான் காரணம் என்று உறுதியானால் செலவு அவர் கேட்ட 45,000க்கு அருகில்கூட வராது என்பதால், முதல் பேச்சிலேயே அவர் இறங்கிவரவும் கூடும்.

கேள்வி: பழைய அவுட்போர்டு எஞ்சின் வாங்கப் போகிறேன். தண்ணீர் புகுந்ததா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: கீழ்ப்பகுதிக் கியர் ஆயிலின் அடி ஸ்க்ரூவைத் திறந்து சிறிது வடித்துப் பாருங்கள். பால் நிறமாக இருந்தால் புரொப்பெல்லரைக் கழற்றச் சொல்லுங்கள். தண்டில் தூண்டில் நரம்பு சுற்றிச் சீலை அறுத்திருக்கும் வாய்ப்பு அதிகம். விற்பவர் அதற்கு மறுத்தால் வேறு எஞ்சின் பாருங்கள்.