கூடத்துக்குள் ஓடி வந்த ‘பத்துக்கால்’: பாலைவனப் பூச்சிகள் பற்றி வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அமீரகத்தின் அல் அய்னில் ஊருக்கு வெளியே ஒரு வில்லாவில் குடியிருக்கிறோம். போன வாரம் இரவு வாசல் கதவின் அடி இடுக்கு வழியாக ஒன்று கூடத்துக்குள் ஓடி வந்தது. வெளிர் மஞ்சள் நிறம், உடம்பெல்லாம் ரோமம், காலோடு சேர்த்தால் உள்ளங்கை அகலம். எண்ணினால் பத்துக் கால்! நாங்கள் விலகிய பக்கமெல்லாம் துரத்தியது. ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார் நட்டுவாக்காலி என்கிறார். பக்கத்து வீட்டார், தூங்குபவர்களின் சதையை மரத்துப்போக வைத்துத் தின்னும் ஒட்டகச் சிலந்தி என்கிறார்கள். ஸ்பிரே அடித்தும் சாகாமல் சோபாவுக்கு அடியில் போய்விட்டது. வீட்டில் கைக்குழந்தை வேறு. என்ன செய்வது?

பதில்: பக்கத்து வீட்டார் சொன்ன பெயர் சரி, கதை தப்பு. அது ஒட்டகச் சிலந்திதான். ஆனால் பூச்சியும் இல்லை, உண்மையான சிலந்தியும் இல்லை. சிலந்தி, தேள் இவற்றுக்குத் தூரத்து உறவான தனி வகை. வலை பின்னாது.

நட்டுவாக்காலி என்றால் வாலும் நுனியில் கொடுக்கும் இருக்க வேண்டும். இதற்கு வாலே கிடையாது. வயிறு நீண்டு, வளையம் வளையமாக, நுனி மழுங்கி முடியும். நீங்கள் எண்ணிய பத்தில் கால்கள் எட்டுதான். முன்னால் நீண்டிருக்கும் மிச்ச இரண்டும் இரை பிடிக்கும் கரங்கள். அவற்றின் நுனியில் ஒட்டும் உறுப்பு உண்டு, அதனால் வழுவழுப்பான கண்ணாடியிலும் ஏறிவிடும். பாட்டிலில் பிடித்துவிட்டு மூடாமல் விட்டவர்கள் இதை மறந்துதான் ஏமாறுகிறார்கள். முதல் ஜோடிக் கால்கள் மெலிந்து, தடவிப் பார்க்க மட்டுமே உதவும். ஓட்டமெல்லாம் பின்னால் உள்ள ஆறு கால்களில்.

முழு நிச்சயம் வேண்டுமானால் கண்ணாடி பாட்டிலில் அடைத்து அடிப்பக்கத்திலிருந்து பாருங்கள். கடைசிக் காலின் அடியில், உடம்பை ஒட்டினாற்போல், குட்டி டென்னிஸ் மட்டைகளைப் போன்ற வெளிறிய தகடுகள் காலுக்கு ஐந்தாக வரிசையில் தொங்கும். இது வேறு எந்தப் பிராணிக்கும் இல்லை. முகத்தில் இரண்டு பெரிய இடுக்கித் தாடைகள் பக்கத்துக்கொன்றாக இருக்கும். ஒவ்வொன்றும் மேலும் கீழுமாகத் திறந்து மூடும்.

துரத்தல் விஷயம்: அது துரத்தியது உங்களை அல்ல, உங்கள் நிழலை. வெளிச்சத்தில் அகப்பட்டால் இருட்டான இடம் தேடும். ஆள் நகர்ந்தால் நிழலும் நகரும், அதுவும் கூடவே வரும். அசையாமல் நின்றால் தாண்டிப் போய்விடும். சதை தின்பது, மரத்துப்போக வைப்பது எல்லாம் கட்டுக்கதை. 2004 வாக்கில் ஈராக்கிலிருந்து பரவிய ஒரு படம் இந்த பயத்துக்குப் பெரிய காரணம். ஒன்றையொன்று கவ்விய இரண்டு ஒட்டகச் சிலந்திகளைக் கேமராவுக்கு மிக அருகில் பிடித்து எடுத்ததால், மனிதன் கால் நீளத்துக்குத் தெரிந்தன. உங்கள் பகுதியில் காணும் பெரிய வகையின் உடம்பு 5 முதல் 7 சென்டிமீட்டர்தான்.

விஷமும் இல்லை. 1978-ல் வெளியான ஓர் இந்திய ஆய்வு, இந்தியாவில் உள்ள ஒரு வகையில் விஷச் சுரப்பி இருப்பதாகச் சொன்னது. பிறகு யாரும் அதை உறுதி செய்யவில்லை. ஆனால் கையால் பிடித்தால் தாடை தோலைக் கிழிக்கும். கடித்துவிட்டால் சோப்பும் தண்ணீரும் போட்டு நன்றாகக் கழுவி, கிருமிநாசினி தடவுங்கள். டெட்டனஸ் ஊசி நிலவரத்தை மருத்துவரிடம் கேளுங்கள். சிவப்பு பரவினாலோ சீழ் வைத்தாலோ உடனே காட்ட வேண்டும். கைக்குழந்தையை எது கடித்திருந்தாலும் காத்திருக்காமல் கொண்டுபோங்கள். கடித்தது தேளாகவும் இருக்கலாம்.

இனி சோபா. குழந்தையை வேறு அறைக்கு மாற்றி, அந்த அறைக் கதவின் அடியில் துண்டைச் சுருட்டி வையுங்கள். மூடிய ஷூ போட்டுக்கொண்டு, ஒருவர் சோபாவைத் தூக்க, இன்னொருவர் வாய் அகன்ற 1 லிட்டர் ஜாடியைக் கவிழ்க்க வேண்டும். கெட்டியான பிளாஸ்டிக் ஃபைல் அட்டையை அடியில் நுழைத்து, திருப்பி, உடனே மூடியைப் போடுங்கள். மெல்லிய காகிதம் வளைந்து இடைவெளி விடும். ஸ்பிரே இனி வேண்டாம். உடனே சாகாது, வெறிபிடித்தாற்போல் ஓடும், மருந்து மட்டும் குழந்தை தவழும் தரையில் படியும். பிடித்ததை மதில் சுவருக்கு வெளியே, விளக்கு இல்லாத இடத்தில் விடுங்கள். கரையானையும் வண்டையும், அகப்பட்டால் தேளையும் தின்கிற பிராணி அது.

மறுபடி வராமலிருக்க முதலில் வாசல் விளக்கை மாற்றுங்கள். வெள்ளை விளக்குக்குப் பூச்சி மொய்க்கும், பூச்சியைத் தேடி இது வரும். வெதுவெதுப்பான மஞ்சள் நிற எல்.இ.டி. போட்டால் மொய்ப்பது குறையும். கதவின் அடியில் பிரஷ் பட்டை, ஏ.சி. குழாய் நுழையும் ஓட்டைக்கு சிலிகான். ஒட்டுப்பொறி அட்டை வைக்கும் பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. அதில் முதலில் மாட்டுவது பல்லிதான்.

கேள்வி: ரியாத்தில் கொல்லைப் பக்கம் ஒரு பெரிய கறுப்பு வண்டு, முதுகில் வெள்ளைப் புள்ளிகள். மகன் குச்சியால் குத்தப் போனான். ஆபத்தா?

பதில்: குச்சியைப் பிடுங்கிவிடுங்கள். அது டாமினோ வண்டு. 3, 4 சென்டிமீட்டர் நீளம், வேகமான ஓட்டம், இரவில் வேட்டை. சீண்டினால் பின்பக்கத்திலிருந்து ஃபார்மிக் அமிலம் கலந்த திரவத்தைப் பீய்ச்சும். தோலில் எரியும், கண்ணில் பட்டால் விபரீதம். பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, கண் மருத்துவரிடம் போங்கள். சும்மா விட்டால் அதுவும் சும்மா போகும். புள்ளியே இல்லாமல், மெதுவாக நடக்கிற கறுப்பு வண்டு என்றால் வேறு இனம், பயமில்லை.

கேள்வி: ஷார்ஜாவில் தரைத்தளத்தில் இருக்கிறோம். புல்தரையில் உட்கார்ந்த மனைவியைக் கறுப்பு எறும்பு ஒன்று கடித்தது. சற்று நேரத்தில் உடம்பெல்லாம் தடித்துவிட்டது. எறும்புக் கடிக்கு இப்படி ஆகுமா?

பதில்: ஆகும். ஒட்டகச் சிலந்தியைப் பார்த்து அலறுகிறவர்கள் உண்மையில் பயப்பட வேண்டியது இந்த எறும்புக்குத்தான். சம்சம் எறும்பாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆப்பிரிக்காவிலிருந்து அரபு நாடுகளில் பரவிய இனம். அரை சென்டிமீட்டருக்குச் சற்று மேலான நீளம், கறுப்பு உடம்பு, இடுப்பில் ஒரே ஒரு முடிச்சு. வாயால் கடிப்பதோடு நிற்காது, குளவியைப் போல வாலால் கொட்டும். பெரும்பாலோருக்கு எரிச்சலோடு முடிந்துவிடும். ஒவ்வாமை உள்ளவர்களுக்கு உயிருக்கே ஆபத்தாகலாம்.

உடம்பு முழுக்கத் தடிப்பு வந்ததே எச்சரிக்கை. அடுத்த முறை மூச்சுத் திணறல், உதடு அல்லது நாக்கு வீக்கம், தலைசுற்றல் வந்தால் ஆம்புலன்ஸுக்கு 998-ஐ அழையுங்கள். செட்ரிசின் மாத்திரை அரிப்புக்கு மட்டும்தான், மூச்சுத் திணறலுக்கு அட்ரினலின் ஊசிதான் மருந்து. இப்போதே ஒவ்வாமை நிபுணரிடம் காட்டி, அந்த ஊசிப் பேனாவைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டுமா என்று கேளுங்கள். கூடு ஈர மண்ணில் இருக்கும்: பூந்தொட்டிக்கு அடியில், கசியும் குழாய் ஓரத்தில், நடைபாதை வெடிப்பில். கசிவை அடைத்துவிடுங்கள், புல்தரையில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம்.

கேள்வி: அடையாளம் கேட்டு அனுப்பும் படங்களைத் ‘தெளிவில்லை’ என்று திருப்புகிறீர்களே, எப்படித்தான் எடுப்பது?

பதில்: செருப்பால் அடித்த பிறகு எடுக்காதீர்கள், முதல் விதி அது. மூடிய பாட்டிலோடு ஃபிரிட்ஜில் (ஃபிரீசரில் அல்ல) பத்து நிமிடம் வைத்தால் பிராணி மந்தமாகும். வெள்ளைத் தாளின் மேல் பாட்டிலை வைத்து மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முகம் தெரிய ஒன்று, அடிப்பக்கம் ஒன்று. பக்கத்தில் ஒரு திர்ஹம் நாணயம் இருக்கட்டும், அதன் குறுக்களவு 24 மில்லிமீட்டர் என்பதால் நாங்களே அளந்துகொள்வோம். ஜூம் செய்யாமல் எடுத்துப் பிறகு வெட்டுங்கள்.

செத்துக் கிடப்பதைச் சேர்த்துவைக்க 70 சதவீத ஆல்கஹால் போதும். சானிட்டைசர் ஜெல் வேண்டாம், ஒட்டிக்கொண்டு ரோமம் தெரியாது. ஊர், தேதி, வீட்டில் எந்த இடம் என்று எழுதிய சீட்டை பாட்டிலுக்கு உள்ளேயே போடுங்கள். பென்சிலால் எழுதுங்கள், பால்பாயின்ட் மை ஆல்கஹாலில் கரைந்துவிடும்.