சாவு நடந்த அறையைச் சுத்தம் செய்வது: வாசகர் கேள்விகள்

தனியாக இருந்த பெரியப்பா இறந்து மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது. போலீஸ் உடலை எடுத்துப் போய்விட்டது. சொந்தக்காரர்கள் வருவதற்குள் அறையைக் கழுவிவிடலாமா?

வேண்டாம். இப்படிப்பட்ட சாவைப் பெரும்பாலும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், சந்தேகச் சாவை விசாரிப்பதற்கான 194-ஆம் பிரிவில் (பழைய சிஆர்பிசி சட்டத்தில் 174) பதிவு செய்வார்கள். போஸ்ட்மார்ட்டம் முடிந்து, விசாரிக்கும் அதிகாரி "இனி அறையைத் தொடலாம்" என்று சொல்லட்டும். எழுத்தில் கிடைத்தால் இன்னும் நல்லது. அதுவரை ஏசி, ஃபேன் போடாமல் கதவைச் சாத்தி, அடியில் ஈரத்துணி வைத்துவிடுங்கள்.

பத்துத் தடவை ஃபினாயில் ஊற்றிவிட்டோம். டைல்ஸ் பளிச்சென்று இருக்கிறது, நாற்றம் மட்டும் போகவில்லை.

நாற்றம் டைல்ஸுக்கு மேலே இல்லை, கீழே இருக்கிறது. உடலிலிருந்து கசிந்த நீர் இணைப்புச் சந்துகள் வழியாக இறங்கி, அடியிலுள்ள மணல் சிமென்ட் கலவையில் ஊறியிருக்கும். நீங்கள் ஊற்றிய தண்ணீரும் அதை இன்னும் உள்ளே தள்ளியிருக்கும். ஃபினாயில் வாசனையால் மூடுமே தவிர எதையும் வெளியே எடுக்காது. சந்துகளில் கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டுப் பாருங்கள். குபுகுபுவென்று நுரைத்தால் ரத்தம் மிச்சமிருக்க வாய்ப்பு அதிகம். அந்த இடத்து டைல்ஸைப் பெயர்த்துக் கலவையைச் சுரண்டி எடுப்பதுதான் வழி. மெத்தை, இலவம்பஞ்சுத் தலையணை, ஊறிப்போன பிளைவுட் எதையும் காப்பாற்ற நினைக்காதீர்கள். நாற்றம் போக ஓசோன் வாயு விடும் மெஷின் கடைசி வேலை. அது ஓடும்போது ஆள் மட்டுமல்ல, கிளிக்கூண்டுகூட உள்ளே இருக்கக் கூடாது.

பிளீச்சிங் பவுடரோடு கக்கூஸ் ஆசிட்டும் கலந்தால் சீக்கிரம் போகுமாமே?

கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், நுரையீரலைத் தாக்கும். பிளீச்சிங் பவுடர் மட்டும் போதும்: லிட்டர் தண்ணீருக்கு 16 கிராம். முதலில் அழுக்கைத் துடைத்தெடுத்துவிட்டு ஊற்றி, 10 நிமிடம் ஊறவிடுங்கள். அழுக்கின் மேலேயே ஊற்றினால் குளோரின் அதிலேயே தீர்ந்துபோகும்.

இப்படிப்பட்ட அறையைச் சுத்தம் செய்யும் கம்பெனியைக் கூப்பிடலாமா? அபார்ட்மென்ட் துப்புரவுக்காரருக்கு 500 ரூபாய் கொடுத்தால் போதும் என்கிறார் செகரட்டரி.

அந்த 500 ரூபாயோடு ஒரு குவார்ட்டரும் சேர்ந்தே வரும், தெரியும். காய்ந்த ரத்தத்திலும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் குறைந்தது ஏழு நாள் உயிரோடு இருக்கும். வெறுங்கையோடு அவரை உள்ளே அனுப்பும் செகரட்டரி தன் மகனை அனுப்புவாரா?

கலிபோர்னியாவில் இந்த வேலை செய்பவர்கள் மாநிலச் சுகாதாரத் துறையில் பதிவு செய்தாக வேண்டும். நம் ஊரில் அப்படித் தனிப் பதிவு கிடையாது. சோபா கழுவும் கம்பெனியும் "நாங்க பண்றோம் சார்" என்று வந்து நிற்கும். ஆகவே நீங்கள்தான் துருவ வேண்டும். வருகிற பையன்களுக்கு ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறதா? ஊறிய மெத்தை எங்கே போகும்? "கார்ப்பரேஷன் தொட்டியில் போட்டுவிடுவோம்" என்றால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். மருத்துவக் கழிவை எடுக்கும் நிறுவனத்தோடு ஏற்பாடு இருக்கிறதா, ரசீது தருவார்களா என்றும் கேளுங்கள். நேரில் பார்க்காமல் போனிலேயே ரேட் சொல்பவர் டைல்ஸைத் தட்டிக்கூடப் பார்க்கமாட்டார். வேலைக்கு முன்னும் பின்னும் போட்டோ கேளுங்கள். நகை, பத்திரம் முதலியவற்றை எடுத்தபின் சாவியைக் கொடுங்கள்.

அம்மா சதய நட்சத்திரத்தில் போய்விட்டார். இது தனிஷ்டா பஞ்சமி என்ற நட்சத்திர தோஷமாம், ஆறு மாதம் அறையை அடைக்கச் சொல்கிறார்கள். அதற்குப் பிறகு சுத்தம் செய்தால் போதாதா?

அடைப்பது உங்கள் நம்பிக்கை, அதில் நான் தலையிடமாட்டேன். ஆனால் அடைக்கும் முன்பே சுத்தம் முடிந்திருக்க வேண்டும். ஆறு மாதப் பூட்டுக்குள் ஈரமெத்தை கிடந்தால் பூஞ்சையும் கரப்பானும் குடியேறிவிடும். மெத்தையை எடுத்து, தரையைத் துடைத்து, இரண்டு நாள் ஜன்னலைத் திறந்து காயவைத்துப் பூட்டுங்கள். அடைப்பதற்கு நாள் குறித்துத் தரும் சாஸ்திரிகளிடம் இந்த இரண்டு நாளையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.