கால்நடைக் கேள்வி பதில்: அதட்டாமல் ஆடு பத்தலாம்

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்திருக்கிறேன். 3 ஏக்கர் மானாவாரி, 25 செம்மறி. மழைக்கு முளைக்கும் புல்லை ஒரே மாதத்தில் மொட்டையாக்கிவிடுகின்றன. ஊசி போடவோ வண்டியில் ஏற்றவோ போனால் நாலா பக்கமும் சிதறுகின்றன. அப்பா கல்லெறிந்துதான் மடக்குகிறார். காட்டைப் பிரித்து மாற்றி மாற்றி மேய்க்கலாம், அடிக்காமலே பழக்கலாம் என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். நம்ம கரட்டுக் காட்டுக்கு இதெல்லாம் ஒத்துவருமா ஐயா?
- வாசகர், பேரையூர்

பதில்: ஒத்துவரும் தம்பி. ஆனால் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். 25 கிலோ எடையுள்ள ஆடு ஒரு நாளைக்கு 3, 4 கிலோ பச்சை தின்னும். 25 உருப்படிக்கு 100 கிலோ வரை வந்துவிடும். 3 ஏக்கர் மானாவாரி வருஷம் பூராவும் இதைத் தராது, யார் எந்த வீடியோவில் சொன்னாலும் சரி. உங்கள் காட்டை ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற மாதங்களுக்குக் கண்மாய் உள்வாய், அறுத்த தாள், வாகைத் தழை, குடைவேல் நெற்று இருக்கிறது.

அப்புறம், புல்லைக் கெடுப்பது ஆட்டின் எண்ணிக்கை மட்டும் அல்ல. கடித்த இடத்தில் நாலைந்து நாளில் துளிர் விடும். ஆடு அந்த இளந்துளிரைத்தான் தேடி வந்து மறுபடி கடிக்கும். புல் வேரில் சேர்த்து வைத்ததை எடுத்துத்தான் அந்தத் துளிரையே விட்டிருக்கும். இரண்டு மூன்று முறை இப்படி ஆனால் வேர் குட்டையாகி, பங்குனி வெயிலில் தூரோடு காய்ந்துபோகும். பிரான்ஸில் பண்ணை வைத்திருந்த ஆந்த்ரே வாசின் என்பவர் 1950களில் வற்புறுத்திச் சொன்னது இதைத்தான்: எத்தனை மாடு என்பதை விட, எத்தனை நாள் நின்றது, புல்லுக்கு எத்தனை நாள் ஓய்வு கிடைத்தது என்று பார். அவர் இருந்த நார்மண்டி மழையும் ஈரமுமான சீமை. அந்த ஊர் நாள் கணக்கை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

காட்டை ஆறு துண்டாகப் பிரியுங்கள். கம்பி வேலிக்குக் கடன் வாங்க வேண்டாம். கிடை போடுகிறவர்கள் கட்டும் வலை போதும், ஓரங்களில் கிளுவைப் போத்து ஊன்றி விடுங்கள். புல் கெண்டைக்கால் உயரம் வந்ததும் ஆட்டை விட்டு, நாலு விரல் உயரம் மிச்சம் இருக்கும்போதே வெளியேற்றுங்கள். ஒரு துண்டில் ஐந்து நாளுக்கு மேல் வேண்டாம். இப்படிச் சுற்றினால் ஒவ்வொரு துண்டுக்கும் 25 நாள் ஓய்வு கிடைக்கும். கார்த்திகையில் இது தாராளம். மாசியில் இரண்டு மாதம் விட்டாலும் பற்றாது. அதனால் காலண்டரை விட்டுவிட்டுப் புல்லைப் பாருங்கள், வளரவில்லையா, ஆட்டை உள்ளே விடாதீர்கள். குடற்புழுவுக்கும் இந்த ஐந்து நாள் கணக்கு உதவும். புழுக்கையோடு விழுந்த முட்டை பொரித்து, ஆட்டைத் தொற்றுகிற குஞ்சுப்புழுவாக ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதற்குள் ஆடு அடுத்த துண்டுக்குப் போயிருக்கும். பனி காயாமல் காலையில் அவிழ்த்து விடாதீர்கள், ஈரத்தில்தான் அந்தப் புழு புல் நுனிக்கு ஏறும்.

ஒரு துண்டில் மட்டும் இந்த மழைக்கு நீலக் கொழுக்கட்டைப் புல் விதையுங்கள், ஏக்கருக்கு 3 கிலோ. அறுத்த கையோடு விதைத்தால் சரியாக முளைக்காது, போன வருஷத்து விதையாகக் கேட்டு வாங்குங்கள். கூடவே முயல் மசால் என்ற பயறுவகைத் தீவனச் செடியையும் தூவலாம். அதன் விதைத்தோல் கெட்டி, 80 டிகிரி வெந்நீரில் நாலு நிமிடம் போட்டு எடுத்த பிறகு விதைக்க வேண்டும். முதல் பருவத்தில் அங்கே ஆட்டை விடாமல் வேர் பிடிக்க விடுங்கள்.

இனி சிதறுகிற விஷயம். அப்பாவைக் குறை சொல்ல மாட்டேன், கல்லெறிந்தால் ஆடு ஓடத்தான் செய்கிறது. எங்கே ஓடுகிறது என்பதுதான் சிக்கல். ஆட்டுக்குக் கண் பக்கவாட்டில் இருப்பதால் கிட்டத்தட்ட முழுச் சுற்றும் தெரியும், நேர் பின்னால் மட்டும் தெரியாது. நீங்கள் அங்கே நின்றால் உங்களைப் பார்ப்பதற்காகவே திரும்பும். ஒவ்வொரு ஆட்டைச் சுற்றியும் ஒரு எல்லை உண்டு. அதற்குள் நீங்கள் கால் வைத்தால் நகரும், வெளியே நின்றால் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு நிற்கும். முன்சப்பைக்கு, அதாவது தோள்பட்டைக்கு, பின்னால் நின்று எல்லைக்குள் போனால் முன்னே நடக்கும், முன்சப்பையைத் தாண்டி முன்னால் வந்தால் நின்றுவிடும் அல்லது திரும்பும். நகர ஆரம்பித்ததும் நீங்கள் நின்றுவிட வேண்டும், இதை நிறையப் பேர் செய்வதில்லை. நடக்கிற ஆட்டை மேலும் விரட்டினால், நடந்தாலும் தொல்லைதான் என்று அது கற்றுக்கொள்ளும். அமெரிக்காவில் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டெம்பிள் கிராண்டின் இந்த இயல்புகளை வைத்துத்தான் மாட்டுப் பண்ணைகளுக்கு வளைவான பாதைகளை வடிவமைத்தார்.

மந்தையைப் பத்தும்போது பின்னால் இடமும் வலமுமாக வளைந்து வளைந்து நடங்கள். கூச்சல், விசில் வேண்டாம். கம்பு கையில் இருக்கட்டும், அதைக் கையின் நீட்சியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அடிக்க அல்ல. பிடிக்கும்போது ரோமத்தையோ பின்னங்காலையோ இழுக்காமல், ஒரு கையைத் தாடைக்கு அடியிலும் இன்னொன்றைப் பின்தொடைப் பக்கமும் கொடுங்கள். சினை ஆடுகளைக் குறுகலான படலில் நெருக்கித் தள்ளினால் கரு கலையக்கூடும்.

திருமங்கலம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு ஏற்றும்போது குட்டியானை வண்டியை வரப்பு மேட்டை ஒட்டிப் பின்பக்கமாக நிறுத்தி, பலகை போட்டு வைக்கோல் தூவுங்கள். உங்கள் கைத்தீனிக்குப் பழகிய ஆடு ஒன்றை முதலில் ஏற்றினால் மற்றவை பின்னாலேயே வரும். காலைப் பிடித்துத் தூக்கி எறிந்து ஏற்றிய ஆடு அடிபட்டு வாடிப்போய் இறங்கும், வியாபாரி அதைப் பார்த்துத்தான் விலை சொல்வார்.

திருப்பரங்குன்றத்தில் கால்நடைப் பல்கலைக்கழகப் பயிற்சி மையம் இருக்கிறது. போனில் விசாரித்துவிட்டுப் போங்கள். அப்பாவையும் கூட்டிப் போங்கள்.

கேள்வி: முதல் மழைக்குப் பிறகு நல்ல கொழுத்த குட்டியாகப் பார்த்து மூன்று செத்துவிட்டன. ராத்திரி நன்றாகத்தான் இருந்தன. கண்ணேறு என்கிறார்கள்.
- வாசகி, உசிலம்பட்டி

பதில்: துள்ளுமாரி என்ற குடல் நச்சு நோயாக இருக்கலாம் தாயி. வயிறு முட்ட இளம்புல் தின்ற கொழுத்த குட்டியைத்தான் அது முதலில் பிடிக்கும். வருஷா வருஷம் மழைக்கு முன்பே தடுப்பூசி போட்டுவிட வேண்டும். புதுப்புல் காலத்தில் காலையில் கொஞ்சம் காய்ந்த தட்டையைத் தின்னக் கொடுத்துவிட்டு அவிழ்த்து விடுங்கள். இனி ஒரு குட்டி திடீரென்று செத்து, மூக்கிலோ ஆசனவாயிலோ ரத்தம் கசிந்திருந்தால் அறுக்கவோ தோலுரிக்கவோ வேண்டாம். அது அடைப்பானாக (ஆந்த்ராக்ஸ்) இருக்கலாம், மனிதருக்கும் தொற்றும். கால்நடை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், அவர் வரும் வரை நாய் அண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.