ஃபாரூக் ஷேக் – தீப்தி நவால்: என் ஓட்டு இவர்களுக்குத்தான்

கேள்வி: இந்திப் படங்களில் உங்களுக்கு மிகவும் பிடித்த திரை ஜோடி எது? ஏன்?

ராஜ் கபூர் – நர்கிஸ், அமிதாப் – ரேகா, ஷாருக் – கஜோல் என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் ஃபாரூக் ஷேக் – தீப்தி நவால் கட்சி. "யாருங்க அது?" என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் சாலிடேர் டிவி இருந்த காலம். தூர்தர்ஷனில் இந்திப் படம் போட்டால், ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் உட்கார்ந்து பார்ப்போம். வேறு என்ன இருந்தது? அப்படி ஒரு நாள் ஓடியது சாய் பராஞ்ச்பே இயக்கிய 'சஷ்மே பத்தூர்'. 1981இல் வந்த படம். டெல்லியில் ஒரே அறையில் தங்கியிருக்கும் மூன்று பையன்கள். இரண்டு பேர் பெண்கள் பின்னால் சுற்றி அசடு வழிந்துவிட்டு, அறைக்கு வந்து பெரிய காதல் மன்னர்கள் போலக் கதை அளப்பார்கள். மூன்றாமவன் சித்தார்த், பொருளாதாரப் புத்தகமே கதி என்று கிடப்பவன். அதுதான் ஃபாரூக்.

ஒரு நாள் கதவைத் தட்டிக்கொண்டு நேஹா வருகிறாள், 'சம்கோ' என்ற சோப்புத்தூளை விற்க. ஒரு அழுக்குத் துணியைக் கொடுங்கள், துவைத்தே காட்டுகிறேன் என்கிறாள். விற்பதில் அவளுக்குப் பழக்கமில்லை, வாங்குவதில் அவனுக்கும் பழக்கமில்லை. மனப்பாடம் செய்த விளம்பரத்தை அவள் ஒப்பிக்க, வைவா பரீட்சைக்கு வந்தவன் மாதிரி அவன் தலையாட்டுகிறான். துணி நுரையில் ஊறும் நேரத்தில் இரண்டு பேருக்கும் கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த என் அம்மா கேட்டார்: "ஏண்டா, இந்தப் பொண்ணு சோப்புத்தூள் விக்க வந்தாளா, மாப்பிள்ளை பாக்க வந்தாளா?"

வீட்டில் ஒருவருக்கும் இந்தி தெரியாது. ஆனாலும் அம்மா பாயிண்டைப் பிடித்துவிட்டார். இந்த ஜோடியின் ரகசியமே அந்தத் தயக்கம்தான். மற்ற ஜோடிகள் பேசும் விதத்தில் ஜெயிப்பார்கள், இவர்கள் கேட்கும் விதத்தில். தீப்தி பேசும்போது ஃபாரூக்கின் முகத்தைப் பாருங்கள். அடுத்த வசனம் எப்போது வரும் என்று காத்திருக்கும் நடிகரின் முகம் இல்லை அது. அவள் சொல்வது உண்மையிலேயே காதில் விழுந்து, ஒரு நொடி தாமதித்து உதட்டோரம் சிரிப்பு வரும். தீப்தியும் அப்படித்தான். சிரித்துவிட்டு, சிரித்திருக்கக் கூடாதோ என்று ஒரு பார்வை பார்ப்பார். அமிதாப் கோபத்தோடு எல்லாரையும் அடித்துக்கொண்டிருந்த வருடங்களில், தால்கட்டோரா பூங்காவில் இரண்டு பேர் டுட்டி ஃப்ரூட்டி ஐஸ்கிரீம் சாப்பிடுவதையும் காதல் காட்சி என்று நம்பி எடுத்திருக்கிறார் ஒரு இயக்குநர். அதே படத்தில் அமிதாபும் ரேகாவும் சில நொடிகள் தலைகாட்டுகிறார்கள், சினிமாக் காதலைக் கிண்டலடிப்பதற்காக! இன்னொன்று, அதில் வரும் 'கஹா(ன்) ஸே ஆயே பத்ரா' நம் யேசுதாஸ் ஹைமந்தி சுக்லாவோடு பாடியது. நேஹா பாட்டு கற்றுக்கொள்ளும் பெண் என்பதால் கதைக்குள் இயல்பாக உட்கார்ந்த பாட்டு.

சரி, நல்ல பையன் – நல்ல பெண் என்று ஒரே சட்டையைத்தான் மாற்றி மாற்றிப் போட்டார்களா என்றால், இல்லை. அதே சாய் பராஞ்ச்பே 1983இல் 'கதா' எடுத்தார். ஆமை முயல் கதையைத் தூக்கி பம்பாயின் 'சால்' எனப்படும் நெருக்கமான ஒண்டுக்குடித்தனக் கட்டடத்துக்குள் வைத்த படம். ஆமை நசீருத்தீன் ஷா. பக்கத்து வீட்டு சந்தியாவை மனதுக்குள்ளேயே காதலிக்கும் குமாஸ்தா. முயல் ஃபாரூக். நண்பன் அறையில் ஓசியில் ஒட்டிக்கொண்டு, அளக்காத பொய்யில்லை, ஏமாற்றாத ஆளில்லை. சந்தியாவாக வரும் தீப்தி அவனிடம் மயங்குகிறாள். கல்யாணம் வரை கொண்டுபோய்விட்டு அவன் கம்பி நீட்டிவிடுகிறான். எனக்குப் பிடித்ததே இந்தத் துணிச்சல்தான். முந்தைய படத்தில் நம்மை நம்ப வைத்த அதே சிரிப்பு, அதே பணிவான குரல். இங்கே அது மோசடிக்கான கருவி. சந்தியா ஏமாறும்போது அவளைத் திட்ட வாய் வராது. நாமும் அந்தச் சிரிப்பை நம்பியவர்கள்தானே? ஒரு ஜோடிக்கு ரசிகர்களிடம் சேர்ந்திருந்த நல்ல பெயரையே இப்படிக் கதைக்குச் செலவழித்த படம் எனக்குத் தெரிந்து அதிகம் இல்லை.

இரண்டுக்கும் நடுவில் 1982இல் 'சாத் சாத்'. கொள்கை பேசும் இளைஞன், அவனை நம்பிப் பணக்கார வீட்டை விட்டு வரும் பெண். குடும்பம் நடத்தப் பணம் வேண்டும் என்றதும் அவன் கொள்கை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. படத்தைவிட ஜக்ஜித் சிங் – சித்ரா சிங் பாடல்களைத்தான் பலருக்குத் தெரியும். என்னைக் கேட்டால், பிற்பாதியில் கணவனை நிமிர்ந்து பார்க்காமல் தீப்தி பேசும் இடங்கள் பாட்டைவிட உசத்தி. ரிஷிகேஷ் முகர்ஜியின் 'கிஸி ஸே நா கெஹ்னா' ஜாலி ரகம். படிக்காத கிராமத்து மருமகள்தான் வேண்டும் என்று அடம் பிடிக்கும் மாமனார் உத்பல் தத்துக்காக, டாக்டரான தீப்தி பட்டிக்காட்டுப் பெண்ணாக வேஷம் போடுவார். மழை நாளில் பஜ்ஜியோடு பார்க்கலாம்.

"நிஜத்திலும் காதலித்தார்களா?" என்று யாராவது கமெண்டில் கேட்பீர்கள். இல்லை. ஃபாரூக் குடும்பஸ்தர், இவர்கள் நண்பர்கள். அவர் சட்டம் படித்தவர். தீப்தி நியூயார்க்கில் படித்தவர், ஓவியம் வரைவார், கவிதை எழுதுவார். சினிமாவை விட்டால் வேறு கதியில்லை என்ற பதற்றம் இருவர் முகத்திலும் கிடையாது. திரையில் தெரியும் நிதானத்துக்கு அதுவும் ஒரு காரணம் என்று எனக்கு ஒரு எண்ணம்.

2013 பிப்ரவரியில் 'லிஸன் அமாயா' வந்தது. கணவனை இழந்து, புத்தகக் கஃபே நடத்தும் பெண்ணாக தீப்தி, அவரை விரும்பும் புகைப்படக்காரராக ஃபாரூக். தலை நரைத்திருந்தது, ஆனால் அந்த ஒரு நொடித் தாமதம் அப்படியே இருந்தது. ஏப்ரலில் பழைய 'சஷ்மே பத்தூர்' புதுப்பிக்கப்பட்டு, நம்ம ஊர் நடிகர் சித்தார்த்தும் டாப்ஸியும் நடித்த ரீமேக் வெளியான அதே நாளில் மறுபடி தியேட்டருக்கு வந்தது. டிசம்பர் கடைசியில் துபாயில் மாரடைப்பில் ஃபாரூக் போய்விட்டார். வயது 65.

பார்க்கப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதலில் 'சஷ்மே பத்தூர்', அப்புறம்தான் 'கதா'. மாற்றிப் பார்த்தால், அவர் சோப்புத்தூள் வாங்கும்போதுகூட காசு கொடுப்பாரா என்று சந்தேகம் வந்துவிடும்.