மினிமோக் நகலை வாங்கலாமா? வெள்ளவத்தை வாசகருக்கு ஒரு பதில்

கேள்வி: “கலியாண வீடுகளிலும் தேவாலயத்திலும் கீபோர்ட் வாசிக்கிறேன். கையில் இருப்பது ஒரு யமஹா பிஎஸ்ஆர், ஒரு மடிக்கணினி. மினிமோக் போன்ற பழைய அனலொக் சிந்தசைசரின் சத்தத்தில் பெரிய ஆசை. அசலை வாங்க வழியில்லை. இப்போது மலிவாக நகல்கள் வருகின்றனவே, அவற்றை நம்பலாமா அண்ணா? ஒன்றரை இலட்சம் ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். வீடு கடற்கரையில் இருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி. அந்த உப்புக்காற்றில் தாங்குமா? எதை வாங்கலாம்?”

தம்பி, சத்தத்தைப் பொறுத்தவரை தயங்காமல் வாங்கலாம். பழுதானால் என்ன செய்வது என்பதில்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வந்த கவலை வேறு. நீங்கள் கேட்பது மினிமோக். நீங்கள் செய்கிற வேலைக்கு அது அவ்வளவு பொருந்தாது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் இந்த நகல்கள் எப்படி வந்தன என்று சுருக்கமாக. மினிமோக் மொடல் டி 1970இல் வந்தது. சத்தத்தை உருவாக்க மூன்று ஒசிலேட்டர், அதைச் செதுக்க ஒரு லாடர் ஃபில்டர், ஒரு நேரத்தில் ஒரு சுரம். அந்த ஃபில்டருக்கு 1969இல் காப்புரிமை கிடைத்தது. அது காலாவதியாகிப் பல காலம். ஆகவே சுற்றை யாரும் கட்டலாம், மோக் என்ற பெயரை மட்டும் போடக் கூடாது. கோர்க் நிறுவனம் தன்னுடைய 1978ஆம் ஆண்டு எம்எஸ்-20 சிந்தசைசரைச் சற்றுச் சிறிதாக்கி 2013இல் மறுபடி விட்டது. மோக் நிறுவனமே மினிமோக்கை 2022இல் மறுபடி கட்டியபோது விலை 4,999 டொலர். அதே சுற்றை பெரிஞ்சர் நிறுவனம் ஒரு சிறிய பெட்டிக்குள் அடைத்து, ‘மொடல் டி’ என்றே பெயரிட்டு 300 டொலருக்குக் கொடுத்தது. இது நியாயமா என்று இசைக்கலைஞர்களிடையே சண்டை இன்னும் ஓயவில்லை. அசலைச் செய்தவரே விற்பதை நிறுத்திவிட்ட கருவி என்றால் எனக்கு உறுத்தல் இல்லை. அசல் இன்னும் கடையில் இருக்கும்போது நகலை வாங்குவதா என்பதை அவரவர் தீர்மானிக்கட்டும்.

ஒன்றில் மட்டும் ஏமாறாதீர்கள். பழைய கருவியைப் போலத் தோற்றமளிக்கும் எல்லாமே அனலொக் அல்ல. ரோலண்ட் நிறுவனத்தின் பூட்டிக் வரிசை பார்க்க அச்சு அசல். பெரும்பாலானவற்றின் உள்ளே இருப்பது அனலொக் மின்சுற்று அல்ல, அதைக் கணக்குப் போட்டுப் பாவனை செய்யும் டிஜிட்டல் சிப். நல்ல கருவிகள்தான், ஆனால் அதைத்தான் மடிக்கணினியிலும் செய்யலாம்.

சத்தம் எவ்வளவு ஒத்துப்போகும்? தனியே, நல்ல ஹெட்போனில், அசலையும் பக்கத்தில் வைத்துக் கேட்டால் வித்தியாசம் பிடிபடலாம். தவில், நாதஸ்வரம், சாப்பாட்டுப் பந்தியின் இரைச்சல், எல்லாவற்றுக்கும் நடுவே ஒரு மண்டபத்தில் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். அசல் மினிமோக்குகளே ஒன்றைப் போல் ஒன்று ஒலிப்பதில்லை.

அசலின் சத்தத்தோடு சேர்ந்து அசலின் குணங்களும் வரும். சுருதி நகரும். ஒரு வோல்ட்டுக்கு ஒரு ஸ்தாயி என்ற கணக்கில் ஒசிலேட்டரை ஓட்டும் பகுதியில் உள்ள டிரான்சிஸ்டர், ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் சுமார் 0.33 சதவீதம் மாறும் இயல்புடையது. அதை ஈடுசெய்யப் பாகங்கள் வைத்திருக்கிறார்கள், முழுதாகச் சரியாகாது. மத்தியானப் புழுக்கத்தில் சுருதி சேர்த்துவிட்டு ஏசியைப் போட்டால் அரைமணி நேரத்தில் மேல் ஸ்தாயி உங்களை விட்டு விலகியிருக்கும். பெரிஞ்சரின் கையேடே 15 நிமிடமாவது சூடாக விடச் சொல்கிறது. கலியாண மண்டபம் என்றால் மைக் கட்டும்போதே ஓன் செய்து வையுங்கள். வாசிக்கப் போகும் முன் போனில் உள்ள டியூனரில் ஒருமுறை பாருங்கள்.

நினைவகமும் கிடையாது. பிஎஸ்ஆரில் பட்டன் அழுத்தினால் அடுத்த சத்தம் வருகிறதே, அந்த வசதி மொடல் டியில் இல்லை. ஒரு பாட்டுக்கும் அடுத்ததற்கும் இடையில் ஏழெட்டுக் குமிழ்களைத் திருப்ப வேண்டும். பிடித்த சத்தம் கிடைத்தால் போனில் படம் எடுத்து வைக்கிறவர்கள் அதிகம், நானும் அப்படித்தான். கூடவே ஒரு சுரம்தான் ஒலிக்கும், கோர்ட் பிடிக்க முடியாது. தேவாலயத்தில் பாட்டுக்குத் துணை வாசிக்க இது உதவாது. அங்கே பிஎஸ்ஆரே இருக்கட்டும். அனலொக்கில் கோர்ட் வேண்டும் என்றால் அது வேறு வகை: நான்கு குரலும் நினைவகமும் உள்ள கோர்க் மினிலோக் போன்றவை. அவை எந்தப் பழைய கருவியின் நகலும் அல்ல.

இனி முக்கியமான விஷயம். கலியாண வீட்டில் உங்கள் வலது கைக்கு என்ன வேலை? பாட்டின் மெலடி. நம்முடைய மெலடியில் பாதி கமகம். ஒரு சுரத்தில் இருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போக வேண்டும், எல்லா இடத்திலும் அல்ல, வேண்டிய இடத்தில் மட்டும்.

மினிமோக்கில் கிளைட் சுவிட்சைப் போட்டால் எல்லாச் சுரமும் வழுக்கும். வேகமான சங்கதி வந்தால் குழைந்து போய்விடும். இடது கையால் சுவிட்சைப் போட்டும் எடுத்தும் வாசிக்கிறவர்கள் உண்டு, பழக நாள் எடுக்கும். இன்னொரு தொல்லை, இரண்டு கட்டைகளைச் சேர்த்து அழுத்தினால் அசல் மினிமோக் கீழ்ச் சுரத்தைத்தான் எடுக்கும். ஸவைப் பிடித்துக்கொண்டே ரியைத் தட்டிப் பாருங்கள்: ரி ஒலிக்காது. நாம் விரலில் பழகியிருக்கும் பாதி அலங்காரம் அதோடு போய்விடும். இப்போதைய நகல்கள் சிலவற்றில் இதை மென்பொருள் மூலம் மாற்றிக்கொள்ளலாம். எதை வாங்கப் போனாலும் கடையில் இந்த ஸ-ரி சோதனையைச் செய்து பார்த்துவிட்டு வாருங்கள்.

இதற்கு மாறாக ரோலண்டின் எஸ்எச்-101ஐப் பாருங்கள். 1982இல் வந்த, அந்தக் காலத்தில் மலிவான கருவி. ஒரே ஒசிலேட்டர், அதன் கீழே ஒன்று அல்லது இரண்டு ஸ்தாயி தாழ்ந்த துணைச் சத்தம். அதன் போர்ட்டமெண்டோ (கிளைட்டுக்கு இன்னொரு பெயர்) சுவிட்சுக்கு மூன்று நிலை: ஓஃப், ஓட்டோ, ஓன். ஓட்டோவில் வைத்தால், முதல் கட்டையை விடாமல் அடுத்ததை அழுத்தும்போது மட்டும் வழுக்கும். விரலை எடுத்து எடுத்து வாசித்தால் ஒவ்வொரு சுரமும் நேராக விழும். அதாவது எங்கே வழுக்க வேண்டும் என்பதை விரலே சொல்கிறது, இடது கைக்கு வேலை இல்லை. அந்த இடது கை பெண்டர் லீவரில் இருக்கலாம். லீவர் எவ்வளவு தூரம் சுருதியை வளைக்க வேண்டும் என்பதற்குத் தனி ஸ்லைடர் மேலேயே இருக்கிறது. தோடியின் காந்தாரத்தை ஆட்ட வேண்டும் என்றால் அதைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம், சாதாரண மெலடிக்கு இறக்கிக்கொள்ளலாம். மெனுவுக்குள் போய்த் தேட வேண்டியதில்லை.

இதன் பெரிஞ்சர் நகல் எம்எஸ்-1. 32 கட்டை, முழு அளவு. மினிமோக்கின் மூன்று ஒசிலேட்டர் கொடுக்கும் தடித்த சத்தம் இதில் வராது. கொஞ்சம் மெலிந்த, கூர்மையான குரல். மண்டபத்தில் அது ஒரு குறையல்ல, மெலடி மற்ற வாத்தியங்களுக்குள் அமுங்காமல் மேலே நிற்கும். என்னைக் கேட்டால் உங்களுக்கு இதுதான். பேஸ் வாசிப்பதும் வீட்டில் பதிவு செய்வதும்தான் முக்கியம் என்றால் மட்டும் மொடல் டி பக்கம் போங்கள்.

அப்படிப் போனால் ஒரு பொறி இருக்கிறது. பெரிஞ்சரின் மொடல் டி வெறும் பெட்டி, கட்டைகள் இல்லை. “பிஎஸ்ஆர் இருக்கிறதே, அதில் இருந்து வாசிக்கலாம்” என்று நினைப்பீர்கள். உங்கள் பிஎஸ்ஆரின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். ஐந்து முள் மிடி சொக்கெட் (எந்தக் கட்டையை அழுத்துகிறீர்கள் என்ற தகவலை அடுத்த கருவிக்கு அனுப்புவது) இருந்தால் சரி, ஒரு வயர் போதும். அண்மைக்கால பிஎஸ்ஆர்-ஈ வரிசையில் அது இல்லை. பெரும்பாலும் சதுரமான யுஎஸ்பி துளைதான். மொடல் டியிலும் அதே சதுரத் துளை உண்டு. இரண்டையும் யுஎஸ்பி வயரால் இணைத்தால் ஒன்றும் நடக்காது. இரண்டுமே கணினிக்காகக் காத்திருக்கிற பக்கங்கள். நடுவில் கட்டளை கொடுக்க ஒன்று வேண்டும். வீட்டில் மடிக்கணினியில் இரண்டையும் செருகி, பதிவு மென்பொருளில் ஒன்றின் மிடியை மற்றதற்குத் திருப்பிவிடலாம். மேடைக்கு மடிக்கணினியைத் தூக்கிப் போக விருப்பம் இல்லாவிட்டால் யுஎஸ்பி மிடி ஹோஸ்ட் என்ற சிறிய பெட்டி தனியே வாங்க வேண்டும். உங்கள் பட்ஜெட்டில் அதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

மடிக்கணினியோடு யுஎஸ்பியில் இணைக்கும்போது ஸ்பீக்கரில் மெல்லிய கீச்சுச் சத்தம் வரலாம், மவுசை அசைத்தால் அதுவும் மாறும். கருவியில் கோளாறு என்று பயப்படாதீர்கள். எர்த் வழியாகச் சுற்றி வருகிற இரைச்சல் அது. ஐந்து முள் மிடி வயர் ஒளியின் மூலம் தகவலைக் கடத்துகிற பாகத்தைத் தாண்டித்தான் போகும், மின்தொடர்பு அறுந்துவிடும். அதற்கு மாறினால் பெரும்பாலும் நின்றுவிடும். முடியாவிட்டால் கிரவுண்ட் லிஃப்ட் (ஒலி வயரின் எர்த் தொடர்பை அறுக்கும் சுவிட்ச்) உள்ள டிஐ பெட்டி ஒன்றைக் கருவிக்கும் மிக்சருக்கும் நடுவில் போடுங்கள். சுவர் பிளக்கின் எர்த் முள்ளை மட்டும் கழற்ற வேண்டாம். சில மண்டபங்களில் அதைத்தான் செய்யச் சொல்வார்கள், உயிர் ஆபத்து.

உப்புக்காற்று. எலக்ட்ரோனிக் பலகையை விட முதலில் அடிபடுவது ஸ்லைடர், குமிழ், சொக்கெட். எம்எஸ்-1இல் ஸ்லைடர்கள் அதிகம், ஒவ்வொன்றும் மேலே திறந்த பிளவு; தூசியும் ஈரமும் நேரே உள்ளே போகும். வாசிக்காத நேரம் துணி போர்த்துங்கள், சூடு ஆறிய பிறகு. கேஸுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்டு, நிறம் மாறியதும் மாற்றுங்கள். வாரத்துக்கு ஒருமுறையாவது எல்லா ஸ்லைடரையும் மேலும் கீழும் நாலைந்து தடவை ஓட்டுங்கள், ஓடாமல் கிடப்பதுதான் கரகரப்பாக மாறும். ஏசி அறையில் இருந்து நேரே வெளியே கொண்டு வந்தால் குளிர்ந்த உலோகத்தில் நீர் படியும். கேஸுக்குள்ளேயே கொஞ்ச நேரம் விட்டு வெப்பநிலை சமமானதும் எடுங்கள். கரகரப்பு வந்துவிட்டால் ஃபேடருக்கென்றே (ஸ்லைடரைத்தான் அப்படியும் சொல்வார்கள்) விற்கும் கிளீனர் வாங்குங்கள். வீட்டில் கதவுக் கீலுக்கு அடிக்கும் ஸ்ப்ரேயை அடித்து ஸ்லைடரைக் கெடுத்துக்கொண்டவர்கள் நிறையப் பேர்.

பழுது என்று வந்தால் நிலைமை அவ்வளவு நல்லதல்ல. அசல் கருவிகளில் பாகங்கள் பெரிதாக, கால் வைத்துப் பலகையைத் துளைத்து ஒட்டியவை. ரேடியோ திருத்துகிற எவரும் மாற்றலாம். நகல்களில் எல்லாம் அரிசிக் குறுணி அளவில் மேற்பரப்பில் ஒட்டியவை. புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருப் பக்கம் விசாரித்தால் சொக்கெட், அடப்டர் வயர், சுவிட்ச் மாற்றக்கூடிய ஆட்கள் கிடைப்பார்கள். போன் பலகை திருத்துகிறவர்களிடம் நுணுக்கமான கருவிகள் உண்டு, அவர்களையும் கேட்கலாம். பிரதான பலகை போனால் பெரும்பாலும் கருவியே போனது போலத்தான். வெளிநாட்டில் வாங்கியதற்கு உத்தரவாதம் இருந்தாலும் திருப்பி அனுப்புகிற கூரியர் செலவில் பாதிக் கருவி வாங்கிவிடலாம். ஆகவே பேரப்பிள்ளைக்குக் கொடுக்கிற சொத்தாக இதை நினைக்காமல், சில வருடம் நன்றாக உழைத்துப் போகிற பொருளாக விலை பாருங்கள்.

விலை என்றதும், ஒன்றரை இலட்சம் என்பது இப்போது கிட்டத்தட்ட 500 டொலர். அதில் கருவிக்கு 300க்கு மேல் ஒதுக்காதீர்கள். கூரியர், சுங்கம், அப்புறம் 18 சதவீத வற் வரி, எல்லாம் அதன் மேல் ஏறும். மின்சார இசைக்கருவிகளுக்கான சுங்கத் தலைப்பு 9207. அனுப்புகிற கடை பில்லில் வெறுமனே ‘எலக்ட்ரோனிக் சாதனம்’ என்று எழுதினால் வேறு தலைப்பில் போட்டுவிட வாய்ப்புண்டு. இசைக்கருவி என்று தெளிவாக எழுதச் சொல்லி, கூரியர் நிறுவனத்திடம் வரி எவ்வளவு வரும் என்று முன்பே கேட்டு வையுங்கள். காசு கொடுக்கும் முன் சர்ஜ் எக்ஸ்டி என்ற இலவச சிந்தசைசர் மென்பொருளை மடிக்கணினியில் போட்டு, ஒரு குரல், ஒரு ஒசிலேட்டர், ஓட்டோ கிளைட் என்று கட்டுப்படுத்திக்கொண்டு சில வாரம் வாசித்துப் பாருங்கள். அந்தச் சிக்கனம் பிடிக்காவிட்டால் எம்எஸ்-1உம் பிடிக்காது.

பழையது கிடைத்தால் வாங்கலாம். 20 நிமிடம் சூடாக விட்டு, டியூனரை வைத்து, ஒவ்வொரு ஸ்தாயியிலும் ஒரே சுரத்தை வாசியுங்கள். ஒட்டுமொத்தமாக ஏறியோ இறங்கியோ இருந்தால் டியூன் குமிழ் போதும். மேலே போகப் போக விலகல் கூடிக்கொண்டே போனால் உள்ளே அளவுத்திருத்தம் செய்ய வேண்டும். அந்த அளவுக்கு விலையைக் குறைத்துக் கேளுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

கனடாவில் இருந்து உறவினர் கொண்டு வருகிறார் என்றால் அடப்டரில் ‘100-240’ என்று அச்சடித்திருக்கிறதா என்று படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வெறும் 120 என்றிருந்தால் அதை நம்முடைய 230 வோல்ட்டில் செருகக் கூடாது. இங்கே வேறு வாங்க வேண்டும். வாங்கும்போது வோல்ட், அம்பியர் மட்டும் பார்த்தால் போதாது. லேபிளில் ஒரு புள்ளியைச் சுற்றி வளைவு வரைந்து இரு பக்கமும் கூட்டல், கழித்தல் குறி போட்டிருப்பார்கள். கிட்டார் பெடல் அடப்டர்களில் நடுமுள் கழித்தல். கோர்க் வோல்கா போன்றவற்றில் கூட்டல். இரண்டுமே 9 வோல்ட் என்பதால் மாறிப்போக வாய்ப்புண்டு. கருவியின் முதுகில் உள்ள படமும் அடப்டரில் உள்ள படமும் ஒன்றா என்று பார்த்துவிட்டு சுவிட்சைப் போடுங்கள்.