கினாபாத்தாங்கான் ஆற்றில் பறவை பார்க்க: வாசகர் கேள்வி – பதில்

மலேசியாவில், போர்னியோத் தீவில் உள்ள சபா மாநிலத்தின் கினாபாத்தாங்கான் 560 கிலோமீட்டர் ஓடி சூலு கடலில் கலக்கும் ஆறு. அதன் கீழ்ப்பகுதியில் சுக்காவ், பிலிட், அபாய் ஆகிய கிராமங்களை ஒட்டித்தான் படகில் பறவை பார்ப்பது நடக்கிறது. அங்கே போகவிருக்கும் வாசகர்களும் போய் வந்தவர்களும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

சுக்காவில் இரண்டு இரவு தங்கப் போகிறோம். எந்த மாதம் நல்லது? எந்த நேரத்தில் படகேற வேண்டும்? (வாசகர், கிள்ளான்)

மாதத்தைவிட நேரம் முக்கியம். சபாவில் காலை ஆறு மணியை ஒட்டி விடிந்துவிடும்; மாலை ஆறு, ஆறேகாலுக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். தாமதமாக விடியும் மலேசியத் தீபகற்பத்துப் பழக்கத்தில் ஏழரைக்குப் படகேறினால் காலையின் நல்ல பாதி போய்விட்டிருக்கும். ஆறு மணிக்கே துறையை விட்டுக் கிளம்பும் படகாகக் கேட்டு வாங்குங்கள். எட்டரைக்கு மேல் வெயில் ஏறியதும் பறவைகள் இலைக்குள் ஒதுங்கிவிடும். மாலைச் சுற்று நான்கு மணிக்குத் தொடங்கி இருட்டும்வரை நீளட்டும். ஒரே இடத்துக்கு இருமுறை போவது வீண் என்று நினைக்க வேண்டாம். காலையில் வெறிச்சோடிக் கிடந்த அதே வளைவில் மாலையில் குரங்குக் கூட்டம் இருக்கும்.

ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மழை குறைவு. நீர் இறங்கி ஓரச் சேறு வெளியே தெரியும்போது முதலையும் உடும்பும் எளிதில் கண்ணில் படும். ஆனால் மெனாங்குல் போன்ற கிளையாறுகளில் விழுந்து கிடக்கும் மரங்கள் படகை மறிக்கும். நவம்பர் முதல் மார்ச் வரை மழைக்காலம். நீர் ஏறினால் படகும் ஏறும், கிளைகள் கண் மட்டத்துக்கு நெருங்கும், பழைய ஆற்றுவளைவுகளில் தேங்கிய ஏரிகளுக்குள் நுழைய வழி கிடைக்கும். கருந்தலை மீன்கொத்தி போன்ற வலசைப் பறவைகளும் அப்போதுதான் இருக்கும். வெள்ளம் கரையைத் தாண்டிவிட்டால் மட்டும் யானைகளைப் பார்ப்பது கடினம்.

முடிந்தால் மூன்றாவது இரவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு சுற்றை மழை அடித்துக்கொண்டு போனாலும் மீதி இருக்கும்.

போர்னியோவின் எட்டு இருவாய்ச்சிகளும் இந்த ஆற்றில் உண்டு என்கிறார்கள். தலைக்கு மேல் பறந்து போகும்போது எல்லாம் கறுப்பு வெள்ளையாகவே தெரிகின்றன. எப்படிப் பிரித்தறிவது? (வாசகர், ஈப்போ)

எட்டும் உண்டு என்பது உண்மை. அலகைப் பார்க்காதீர்கள், வாலைப் பாருங்கள். எதிர்வெளிச்சத்தில் அலகின் நிறம் ஏமாற்றும். வாலில் வெள்ளை எங்கே, கறுப்பு எங்கே என்பது அவ்வளவு எளிதில் ஏமாற்றாது.

வால் முழுவதும் வெள்ளை, உடல் முழுவதும் கறுப்பு என்றால் அது மாலை இருவாய்ச்சி. ஆணின் தொண்டைப் பை மஞ்சள், பெண்ணுக்கு நீலம். இரண்டிலும் குறுக்கே ஒரு கருங்கோடு ஓடும். வால் வெள்ளைதான், ஆனால் அடிப்பகுதி கறுப்பு என்றால் சுருக்கக் கொம்பு இருவாய்ச்சி. அதன் தொண்டையில் கோடு இருக்காது. இந்த இரண்டைத்தான் பலர் மாற்றி எழுதுகிறார்கள். பறவை தலைக்கு நேர் மேலே வரும் நொடியில் வாலின் அடியைப் பார்த்துவிட்டால் குழப்பம் தீர்ந்தது.

வெள்ளை வாலின் குறுக்கே ஒரு அகலமான கறுப்புப் பட்டை, இறக்கை முழுக்கக் கறுப்பு, மேல்நோக்கி வளைந்த செம்மஞ்சள் கொம்பு (அலகின் மேல் உள்ள புடைப்பு): இது காண்டாமிருக இருவாய்ச்சி, மலேசியாவின் தேசியப் பறவை. அமர்ந்திருந்தால் கண்ணைப் பாருங்கள். ஆணின் கண் சிவப்பு, பெண்ணின் கண் வெண்மை. வாலின் நடுவிலிருந்து இரண்டு நீண்ட இறகுகள் பின்னால் நீட்டிக்கொண்டிருந்து, இறக்கையின் பின்விளிம்பும் வெள்ளையாக இருந்தால் அது தலைக்கவச இருவாய்ச்சி. பார்ப்பதற்கு முன்பே கேட்டுவிடலாம். தனித்தனியாக விழும் கூவல், மெல்ல வேகம் கூடி, கடைசியில் வெடித்த சிரிப்பாக முடியும். மற்ற இருவாய்ச்சிகளின் கொம்பு உள்ளே வெற்றிடமாக இருக்கும். இதன் கொம்போ கெட்டியானது, செதுக்க ஏற்றது. அதற்காகவே வேட்டையாடி, 2015 முதல் மிக அருகிவிட்ட இனங்களின் பட்டியலில் இதைச் சேர்க்கும் நிலைக்குக் கொண்டு வந்துவிட்டார்கள். இதன் கூடு இருக்கும் மரம் தெரிந்தால் இடத்தை எங்கும் எழுதாதீர்கள், படத்தில் இடக்குறிப்பையும் நீக்கிவிடுங்கள்.

சிறியவற்றில், ஆற்றோரத்தில் அடிக்கடி வருவது வெள்ளை வயிற்றுக் கீழைநாட்டு இருவாய்ச்சி. ஏறக்குறைய அதே அளவில் வயிறும் கறுப்பாக, வாலின் ஓர நுனிகள் மட்டும் வெள்ளையாக இருந்தால் கருப்பு இருவாய்ச்சி. ஆணின் அலகு வெளிர் மஞ்சள், பெண்ணின் அலகு கருமை. கூட்டமாக, நாய்க்குட்டிகள் போலக் கத்திக்கொண்டு, கலைந்த கொண்டையோடு போனால் புதர்க்கொண்டை இருவாய்ச்சி. எட்டாவதான வெண்கொண்டை இருவாய்ச்சி காட்டின் உள்ளே கொடிகளுக்கிடையில் பதுங்கி இரை தேடுவது. படகிலிருந்து அதைப் பார்ப்பவர்கள் குறைவு. அது கிடைக்கவில்லை என்று வருந்த வேண்டியதில்லை.

இன்னொன்று: பெரிய இருவாய்ச்சி பறந்தால் நீராவி எஞ்சின் போல மூச்சிரைக்கும் சத்தம் கேட்கும். இறக்கையின் அடியில் பெரிய இறகுகளின் அடித்தண்டை மூடும் சிற்றிறகுகள் அவற்றுக்கு இல்லை. இடைவெளி வழியே காற்று பாய்கிறது. படகின் எஞ்சின் நின்றிருந்தால் பறவை மரங்களைத் தாண்டி வெளியே வருவதற்குள் பைனாகுலரை உயர்த்த அவகாசம் கிடைக்கும். எஞ்சின் ஓடினால் அந்த அவகாசம் இல்லை.

நீள்மூக்குக் குரங்குகளைக் காலையில் தேடினோம், கிடைக்கவில்லை. மாலையில் கரை நெடுகிலும் இருந்தன. ஏன்? (வாசகர், பினாங்கு)

அவை இரவு தூங்குவது ஆற்றோர மரங்களில். பகலில் இலையும் பழுக்காத காயும் தேடிக் காட்டுக்குள் போய், மாலை நான்கு மணிக்கு மேல் திரும்பும். ஆற்றுப் பக்கம் நீட்டிய கிளையில் தூங்கினால் மேகச்சிறுத்தை போன்றவை ஒரு பக்கத்திலிருந்துதான் வர முடியும். விடிந்த அரை மணி நேரத்துக்குள் போனால் காலையிலும் பார்க்கலாம். முந்தைய மாலை கூட்டம் அடைந்த மரத்தைப் படகோட்டி நினைவில் வைத்திருப்பார், நேரே அங்கே போகச் சொல்லுங்கள்.

யானைகள் ஆற்றைக் கடக்கின்றன என்று செய்தி வந்ததும் ஏழெட்டுப் படகுகள் பாய்ந்து சூழ்ந்தன. யானைகள் திரும்பிப் போய்விட்டன. எப்படி நடந்திருக்க வேண்டும்? (வாசகர், சிங்கப்பூர்)

சூழ்ந்ததுதான் தவறு. யானைக் கூட்டம் ஆற்றில் இறங்கும்போது முதலில் பெரிய பெண் யானைகள், இடையில் குட்டிகள், பின்னே மற்றவை என்று ஒரு வரிசை இருக்கும். பாதி நீரில், பாதி கரையில் இருக்கும் அந்த நேரத்தில் இடையே ஒரு படகு புகுந்தால் கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிடும். குட்டி ஒரு கரையில், தாய் மறு கரையில் நின்றால் யாரும் பாதுகாப்பாக இல்லை, படகில் இருப்பவர்கள் உட்பட.

சரியான முறை இது. யானைகள் நிற்கும் கரைக்கு எதிர்க்கரையை ஒட்டி, அவை நீந்தப் போகும் வழியை விட்டு விலகி, மூக்கு நீரோட்டத்தை எதிர்த்து இருக்குமாறு படகை நிறுத்த வேண்டும். எஞ்சினை முழுவதும் அணைக்கக் கூடாது. அணைத்தால் நீரோட்டம் படகை இழுத்துக்கொண்டு போய் யானைகளிடமே சேர்த்துவிடும். அப்போது எஞ்சினைத் திடீரென உயிர்ப்பிக்க வேண்டி வரும், அந்த உறுமல்தான் அவற்றை மிரட்டும். மெதுவாக ஓடவிட்டுப் படகை இருந்த இடத்திலேயே பிடித்து வைப்பதுதான் படகோட்டியின் திறமை. காதை விரித்து, தலையை உயர்த்தி, புல் தின்பதை நிறுத்தி உங்களையே பார்க்கிறது என்றால் ஏற்கெனவே நெருங்கிவிட்டீர்கள். பின்வாங்குங்கள். தனியாக நிற்கும் ஆண் யானைக்கு இன்னும் தூரம் கொடுங்கள்.

படகில் ஏறும் முன்பே, "யானை இருந்தால் தூரத்திலேயே நிறுத்துங்கள், எங்களுக்கு அவசரம் இல்லை" என்று சொல்லிவிடுங்கள். பயணிகள் கிட்டப் போகத்தான் விரும்புவார்கள் என்று நினைத்துத்தான் பல படகோட்டிகள் நெருங்குகிறார்கள்.

இவ்வளவு விலங்குகளை ஒரே ஆற்றோரத்தில் பார்த்தபோது காடு செழிப்பாக இருக்கிறது என்று மகிழ்ந்தோம். சரிதானே? (வாசகர், சிரம்பான்)

பாதி சரி. நீங்கள் பார்த்தது ஒரு குறுகிய பச்சைக் கீற்று. அதற்குப் பின்னால், சில இடங்களில் சில நூறு மீட்டரிலேயே, செம்பனைத் தோட்டம் தொடங்கிவிடுகிறது. 2005இல் அறிவிக்கப்பட்ட கீழ்க் கினாபாத்தாங்கான் வனவிலங்குச் சரணாலயம் சுமார் 26,000 ஹெக்டேர், அதுவும் பத்துத் துண்டுகளாக. உயிர்கள் ஆற்றோரத்தில் நெருக்கமாகத் தெரிவதற்கு ஒரு காரணம், போக வேறு இடம் குறைந்ததுதான். இருவாய்ச்சி கூடு வைக்கப் பெரிய பொந்து வேண்டும், பொந்துக்கு முதிர்ந்த மரம் வேண்டும். பழைய வெட்டுகளில் போனவை அந்த மரங்களே. சுக்காவில் இயங்கும் ஹுத்தான் என்ற அமைப்பு மரங்களில் செயற்கைக் கூட்டுப்பெட்டிகளைக் கட்டியிருக்கிறது. ஒராங் ஊத்தான்கள் கிளையாறுகளைக் கடக்கக் கயிற்றுப் பாலங்களும் போட்டிருக்கிறது. ஒராங் ஊத்தான் நீந்தாது, முன்பெல்லாம் இரு கரை மரங்களும் கைகோத்து நின்ற இடங்களில் கடந்தது. மெனாங்குல் பக்கம் போனால் அந்தக் கயிறுகளைக் கவனியுங்கள்.

படங்கள் எல்லாம் கலங்கல். லென்ஸ் வேறு பனி மூடியது போல ஆனது. (வாசகர், கோயம்புத்தூர்)

இரண்டும் வேறு வேறு சிக்கல்கள். பனி மூட்டத்துக்குக் காரணம் குளிர்சாதன அறை. குளிர்ந்த லென்ஸ் ஈரக் காற்றைத் தொட்டதும் நீர் படியும். துடைத்தால் மறுபடி படியும், கண்ணாடியில் கீறலும் விழும். கேமராவை இரவில் நன்றாக மூடிய பையில் வைத்து, கிளம்ப முக்கால் மணி நேரம் முன்பு பையைத் திறக்காமல் அறைக்கு வெளியே வைத்துவிடுங்கள். நீர் பையின் மேல் படியும், லென்ஸில் படியாது. பைனாகுலருக்கும் இதே முறைதான்.

கலங்கலுக்குக் காரணம் படகு. மூன்றுகால் தாங்கி வேண்டாம். எஞ்சினின் அதிர்வு படகின் தரையிலிருந்து அதன் வழியே நேராக லென்ஸுக்கு ஏறும். முழங்கையை முட்டியில் ஊன்றுங்கள். அமர்ந்த பறவைக்கு நொடியில் 500இல் ஒரு பங்கு, பறக்கும் பறவைக்கு 1600இல் ஒரு பங்கு என்று ஷட்டரை வைத்து, ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன் அளவை) தானியங்கியில் விடுங்கள். காலையில் 3200, 6400 வரை ஏறும், ஏறட்டும். புள்ளி விழுந்த படத்தைப் பிறகு சரிசெய்யலாம், அசைந்த படத்தை முடியாது. வெளுத்த வானத்தை எதிர்த்து அமர்ந்த பறவைக்கு வெளிச்ச ஈடு (எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்) +1 முதல் +1.7 வரை தேவைப்படும். காட்டின் இருட்டுப் பின்னணிக்குத் திரும்பியதும் அதை மறக்காமல் பூஜ்யத்துக்குக் கொண்டு வாருங்கள். படகில் லென்ஸ் மாற்றாதீர்கள்.

பைனாகுலர் வாங்குவதானால் 8x42 (எட்டு மடங்கு பெரிதாக்கம், 42 மில்லிமீட்டர் முன் லென்ஸ்) போதும். 10x42 கூடுதலாகப் பெரிதாக்கும், கூடவே கை நடுக்கத்தையும் பெரிதாக்கும். கண்ணுக்கு வரும் ஒளிவட்டமும் 5.25 மில்லிமீட்டரிலிருந்து 4.2க்குச் சுருங்கும், விடியற்காலையில் அந்த வேறுபாடு தெரியும்.

போர்னியோத் தரைக்குயிலைக் குரல் பதிவு போட்டு அழைப்பது சரியா? (வாசகர், ஜொகூர் பாரு)

நாங்கள் வேண்டாம் என்போம். போர்னியோவில் மட்டுமே வாழும் இந்தப் பறவை ஆற்றோரக் காட்டின் தரையில் நடந்து திரிவது. பதிவு போட்டால் தன் எல்லைக்குள் இன்னொன்று புகுந்துவிட்டது என்று நம்பி வரும். ஒரு குழுவுக்கு ஐந்து நிமிடம்தான் என்றாலும், ஒரே இடத்தில் நாள் முழுக்கக் குழுக்கள் வந்தால் அதற்கு இரை தேட நேரம் ஏது? விடியற்காலையில் சிறு கிளையாற்றில் எஞ்சினை அணைத்து இருபது நிமிடம் பேசாமல் மிதந்தால் அதன் ஆழ்ந்த குரல் தானாகவே கேட்கலாம். மின்மோட்டார் பொருத்திய படகுகள் சில விடுதிகளில் இருக்கின்றன, முன்பதிவின்போதே கேளுங்கள்.

இரவுப் படகில் விளக்கடித்துப் பார்ப்பது பறவைகளைத் தொந்தரவு செய்யாதா? (வாசகர், ஷா ஆலம்)

செய்யும், அளவு மீறினால். நீருக்கு மேல் நீட்டிய மெல்லிய குச்சியில் மீன்கொத்தி உருண்டையாகத் தூங்கும்; பாம்பு ஏறினால் குச்சி அசைந்து அது விழித்துக்கொள்ளும். ஒளியை நேராகக் கண்ணில் பாய்ச்சாமல் பக்கத்து இலையில் விழச் செய்து, சில நொடிகளில் நகர்ந்துவிடுங்கள். ஃபிளாஷ் கூடவே கூடாது. திகைத்து இருட்டில் பறந்த பறவைக்கு மறுபடி அந்தக் குச்சி கிடைக்காது. மீன் ஆந்தை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். நீர் மட்டத்தில் சிவந்து ஒளிர்பவை முதலையின் கண்கள். கையைப் படகுக்கு வெளியே போடாதீர்கள், பகலிலும்தான்.

கோமாந்தோங் குகையையும் அதே நாளில் சேர்க்கலாமா? (வாசகர், கிள்ளான்)

குகைக்குள் நடந்து உழவாரன் கூடுகளைப் பார்ப்பது மட்டும் நோக்கமானால், சண்டாக்கானிலிருந்து சுக்காவுக்கு வரும் வழியில் பகலிலேயே முடித்துக்கொள்ளலாம். தொப்பி வேண்டும், மேலிருந்து எச்சம் விழும். வழுக்காத மூடிய காலணியும் வேண்டும். ஆனால் பறவை பார்ப்பவர்களுக்கு அங்கே உயிரான நேரம் மாலை ஐந்தரைக்கு மேல்: வௌவால்கள் சுருள் சுருளாகக் கிளம்ப, உழவாரன்கள் திரும்பி வர, வௌவால் பருந்தும் பொரி வல்லூறும் நடுவே பாய்ந்து வேட்டையாடும். அதற்கு ஒரு மாலைப் படகுச் சுற்றை விட்டுத்தர வேண்டும். மூன்று இரவு தங்கினால் விட்டுத்தரலாம். இரண்டு இரவுதான் என்றால் ஆற்றிலேயே இருங்கள்.